மெருகிடும் கைகள்

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்று நடந்தபோது, நம் தேசத்தின் சார்பில் நின்ற இருவரில் ரமிதா ஜிந்தால் 631.5 புள்ளிகள் பெற்று ஐந்தாம் இடத்தில் இறுதிச் சுற்றுக்குள் சென்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகளுடன் பத்தாம் இடத்தில் நின்று, முதல் எட்டுப் பேருக்கு மட்டுமே திறக்கும் அந்த வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டார். அறுபது குண்டுகள் சுட்டு முடித்த பின் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.8 புள்ளி. இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி என்பதையும், ஒவ்வொரு பத்தில் ஒரு பங்குப் புள்ளியும் கால் மில்லிமீட்டருக்குச் சமம் என்பதையும் வைத்துக் கணக்கிட்டால், அறுபது குண்டுகளும் மையத்தைவிட்டு விலகிய தூரங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாலும், ஐந்தாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான்.

அந்த 2 மில்லிமீட்டருக்குள் மூச்சும், நாடித் துடிப்பும், கண்ணின் களைப்பும், மனத்தின் சலனமும், அன்றைய அரங்கின் வெளிச்சமும் அடங்கியிருக்கின்றன. 2019-இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற ஒரு வீராங்கனையின் ஆயுதத்தில் குறை இருந்தது என்று சொல்ல எனக்கு எவ்வித ஆதாரமும் இல்லை; அப்படிச் சொல்வது என் உத்தேசமும் அன்று. ஆயினும், கால் மில்லிமீட்டர்களால் வெற்றி தோல்வி நிர்ணயமாகும் ஒரு வித்தையில், சுடுகிறவரின் சித்தத்துக்கும் குண்டின் பாய்ச்சலுக்கும் நடுவே நிற்கும் ஒரே யந்திரப் பகுதியாகிய டிரிகர், அதாவது விரல் அழுத்தும் அந்தச் சிறு விசை, எப்படிப்பட்டதாயிருக்க வேண்டும் என்பதை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. டிரிகரின் குணம், நகத்தளவு கூட இல்லாத இரண்டு எஃகு முகங்களின் மெருகைப் பெரிதும் பொறுத்தது. அந்த மெருகைப் பற்றியும், அத்தகைய மெருகை நாள்தோறும் வேறு வேறு உருப்படிகளுக்கு இட்டுக்கொண்டே எவர் கண்ணிலும் படாமல் வாழும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதித் தொழிலாளரைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

சுருள்வில்லின் முழுப் பலத்தையும் அடக்கி வைத்துக்கொண்டு முன்னே பாயக் காத்திருக்கும் ஒரு சுத்தியலையோ ஊசியையோ, 'சியர்' என்று சொல்லப்படும் ஒரு சிறு எஃகுக் கொக்கி தடுத்து நிறுத்திப் பிடித்திருக்கிறது. நாம் டிரிகரை அழுத்துகிறபோது அந்தக் கொக்கியின் முகம், தான் பற்றியிருக்கும் எதிர் முகத்தின்மேல் வழுக்கிக்கொண்டே நகர்ந்து, விளிம்பைத் தாண்டியதும் பிடியை விட்டுவிடுகிறது; சுத்தியல் பாய்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் விளிம்பை எட்டும்வரை கொக்கி நகரும் அந்த அற்ப தூரத்தில், கரடுமுரடான முகமாயிருந்தால் விரல் ஓரிடத்தில் தடைபட்டு, சற்று அதிகம் அழுத்தியதும் துள்ளி நகர்ந்து, மறுபடியும் தடைபட்டு, சுடுகிறவர் எதிர்பாராத ஒரு கணத்தில் பிடி விடுகிறது. அந்தத் துள்ளலின் அதிர்ச்சி விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து குழாயின் முனைக்கும் போய்ச் சேர்கிறது. நல்ல டிரிகரில் விரல் உணர வேண்டியது ஒரு திடமான சுவர். அந்தச் சுவர் அசையாமல் இருந்து, தீர்மானித்த அழுத்தம் வந்த மாத்திரத்தில், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் ஒரேயடியாக விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்தத் தடையும் துள்ளலும் ஏன் நேர்கின்றன என்பதை விஞ்ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பிரான்சு தேசத்து அமோந்தோன் 1699-இல் உராய்வின் விதிகளை வகுத்துச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் கூலோம், நின்றுகொண்டிருக்கும் பொருளை நகர்த்துவதற்கு வேண்டிய பலம், நகர்ந்துகொண்டிருப்பதை மேலும் நகர்த்துவதற்கு வேண்டிய பலத்தைவிட அதிகம் என்பதை விஸ்தாரமாகச் சோதித்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும், கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் எந்த உலோக முகமும் உண்மையில் மலைத்தொடர்களைப் போன்ற மேடு பள்ளங்கள் நிறைந்ததே என்றும், இரண்டு முகங்கள் ஒன்றையொன்று தொடுகிறபோது சிகரங்கள் மட்டுமே தொட்டு, அழுந்தி, ஒட்டிக்கொள்கின்றன என்றும் நிரூபித்தார்கள். ஆகவே விரல் டிரிகரைத் தொட்ட முதல் கணத்தில் எதிர்ப்பது இந்த ஒட்டுதல். அது அறுபட்டதும் எதிர்ப்பு சட்டென்று குறைவதால் பிறப்பது துள்ளல். எண்ணெய்ப் பசையற்ற எஃகின்மேல் எஃகு உராயும்போது உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.6 அளவுக்கும் அதற்கு மேலும் போகக்கூடும் என்பதையும், டெஃப்லான் போன்ற பொருள்களில் அது 0.1-க்கும் கீழே இறங்கிவிடும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், முகத்தைச் சீர்செய்வதால் விரலுக்குக் கிடைக்கும் ஆறுதல் விளங்கும்.

டிரிகரை லேசாக்குவது வேறு, மிருதுவாக்குவது வேறு. சர்வதேச விதிகளின்படி ஏர் ரைபிள் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை எதுவும் விதிக்கப்படவில்லை; ஏர் பிஸ்டலுக்கோ 500 கிராம் கட்டாயம். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் அந்த எடையை மாட்டி, தரையிலிருந்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார்கள். எடை மேலே வருவதற்குள் பிடி விட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கி அரங்கத்துக்குள் போகாது. எனவே எடையைக் குறைத்துச் சௌகரியம் தேடிக்கொள்ள இயலாத இடத்தில், அதே 500 கிராமைத் தடையின்றி, துள்ளலின்றி, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக விரலுக்குக் கொடுப்பதில்தான் கைவினைஞனின் சாமர்த்தியம் இருக்கிறது. சுருள்வில்லைத் தளர்த்துவதற்கு அதிக ஞானம் தேவையில்லை. முகத்தை மெருகிடுவதற்குத் தேவை.

மெருகிடுதல் என்றால் பளபளப்பாக்குதல் என்று சாதாரண ஜனங்கள் நினைப்பது சகஜம். பளபளப்பு கண்ணுக்கு, மெருகு ஸ்பரிசத்துக்கும் உழைப்புக்கும். எமரித் தாளின் கரட்டு ரகத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் முந்தைய படி விட்டுச் சென்ற கீறல்கள் முற்றும் மறையும்வரை பொறுமையாகத் தேய்த்து, கடைசியில் வைரப் பசையோ அலுமினா பசையோ தொட்டு லேப்பிங் செய்யும்போது, மைக்ரான் கணக்கில் நின்ற சிகரங்கள் மைக்ரானின் பத்தில் ஒரு பாகத்துக்குத் தேய்ந்து இறங்குகின்றன. இதில் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டிப் போனவனுடைய வேலை, மேலுக்கு மின்னினாலும் அடியில் பழைய கீறல்களை வைத்துக்கொண்டிருக்கும். பஞ்சுச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கிவிட்டால் இன்னும் விபரீதம்: சக்கரம் விளிம்புகளை உருட்டிவிடும், சியரில் உயிர்நிலை அந்த விளிம்புதான்.

இனி, பூச்சுகள். 1938-இல் டூபான்ட் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லானும், 1940-களில் அமெரிக்காவில் பிரென்னரும் ரிடெலும் கண்டுபிடித்த, மின்சாரமின்றியே நிக்கலைப் படியவைக்கும் முறையும் பிற்காலத்தில் ஒன்றுசேர்ந்து, நிக்கல் படலத்துக்குள் மைக்ரானுக்கும் சிறிய டெஃப்லான் துகள்களை விரவவிடும் ஒரு கலப்புப் பூச்சாக உருவெடுத்தன. இதன் விசேஷம் வழுக்கல் மாத்திரமன்று. மின்சாரத்தால் முலாம் பூசினால் விளிம்புகளிலும் முனைகளிலும் உலோகம் தடித்துப் படியும், மூலைகளில் மெலியும். மின்சாரமற்ற முறையிலோ எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படிகிறது. அளவு தப்பக்கூடாத சிறு உருப்படிகளுக்கு இது மிகப் பெரிய அனுகூலம். மாலிப்டினம் டைசல்பைடு என்ற கரும்பொடி, ஏடு ஏடாக வழுக்கும் அணு அமைப்பை உடையதாதலால், எண்ணெய் பிடித்துத் தூசி சேர்வதற்கு இடமில்லாத உலர்ந்த மசகாகப் பயன்படுகிறது. வெற்றிடக் கலத்துக்குள் படியவைக்கப்படும் வைரநிகர் கரிப் படலம், கடினத்திலும் வழுக்கலிலும் ஒருங்கே சிறந்தது, செலவும் அதற்கேற்றதே.

அபாயத்தைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது தர்மமாகாது. சியரின் முகம் பெரும்பாலும் மேல்தோலளவில் மட்டும் கடினப்படுத்தப்பட்ட எஃகு. மெருகிடுகிறேன் என்று அந்தத் தோலைத் தேய்த்துத் துளைத்துவிட்டால், அடியிலிருக்கும் மென்மையான உலோகம் சில நூறு சுடுதல்களில் தேய்ந்து, கொக்கியின் பிடி தளர்ந்து, துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். கோணம் ஒரு பாகை மாறினாலும் அப்படியே. பூச்சின் கனமும் கணக்கில் சேர வேண்டும்; ஒவ்வொரு முகத்திலும் 10 மைக்ரான் ஏறினால் இரண்டுக்கும் நடுவே 20 மைக்ரான் மாறிவிட்டது. புகழ்பெற்ற ரெமிங்டன் கம்பெனி 2014 ஏப்ரலில் தன் மாடல் 700, மாடல் செவன் ரைபிள்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள நேர்ந்ததற்குக் காரணம், டிரிகரைக் கோக்கும்போது இடும் ஒட்டுப்பசை சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிப் போனது. 2006 முதல் எட்டு ஆண்டுகளில் செய்த டிரிகர்களைச் சோதிக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் அவ்வளவு பெரிய ஆலையைத் தலைகுனிய வைத்தது. ஆகையால், யாரோ வழுக்கலாகச் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டுத் தன் வீட்டு மேஜையில் டிரிகரைப் பிரித்து எமரித் தாளால் தேய்க்க உட்காருகிறவர் தமக்கும் அண்டை வீட்டாருக்கும் துரோகம் செய்கிறவர் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பானது: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைச் செய்வதற்கும், விற்பதற்கும் மட்டுமன்றிப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

அப்படியானால் இந்த வித்தை யாருக்கு உரியது? ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் வால்தரும் ஆன்ஷூட்ஸும், ஓபர்ன்டார்ஃபில் ஃபைன்வெர்க்பாவும் செய்யும் ரைபிள்களையே நம் வீரர்கள் பெரும்பாலும் தோளில் ஏந்துகிறார்கள். அங்கே உள்ள தொழிலாளி பிறவியிலேயே வேறு விதமான விரல்களோடு பிறந்தவன் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அவனுக்கு வாய்த்தது தலைமுறை தலைமுறையாக வந்த பயிற்சியும், தன் தொழிலுக்குச் சமூகம் தரும் மரியாதையும், ஆராய்ச்சிசாலைக்கும் பட்டறைக்கும் நடுவே ஓயாத போக்குவரத்தும். இவற்றில் முதலாவதாகிய பயிற்சி, நம் சென்னையின் மேற்குப் புறநகரில் ஏற்கெனவே ஏராளமாகக் கிடக்கிறது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கியது முதல், கைப்பிடிகளுக்கும் ரிம்களுக்கும் முலாம் பூசும் தொழில் இந்த மண்ணில் வேரூன்றியது. 1960-இல் டி.ஐ. டயமண்ட் செயின் வந்தபோது, சங்கிலியின் ஒவ்வொரு ஊசியும் உருளையும் எவ்வளவு கடினமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும் என்பதை இங்குள்ள கைகள் கற்றன. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் என்று 1960-களில் அடுத்தடுத்து எழுந்த ஆலைகளுக்கு உருப்படிகள் செய்து கொடுப்பதற்காகவே, 1964-இல் உண்டான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சந்துகளில் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆவடியில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையமும், வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன் சிலிண்டர்களின் உட்சுவரை மைக்ரான் கணக்கில் மெருகிட வேண்டிய அவசியத்தை இந்த வட்டாரத்துக்குள் கொண்டுவந்தன. சுந்தரம் கிளேட்டனின் பாடித் தொழிற்சாலை 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பெருமையில் ஒரு பங்கு, பெயரில்லாத சந்துகளில் உட்கார்ந்து எஃகைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர வேண்டியதே.

தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் நான் கண்ட பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைட்ராலிக் வால்வுக்குள் ஓடும் விரலளவு ஸ்பூல்களை லேப்பிங் செய்வது அவர் வேலை. ஒவ்வொரு உருப்படியையும், அவர்கள் பாஷையில் ஒவ்வொரு 'ஜாப்'பையும், முடித்தவுடன் பழைய பனியன் துணியால் துடைத்து, தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் அதன்மேல் விழும்படி மெல்லத் திருப்பிப் பார்ப்பார். பிம்பத்தின் கோடு வளையாமல், நடுங்காமல், ஒரே நேராக ஓடினால்தான் அவருக்குத் திருப்தி. எங்கேனும் இம்மியளவு நெளிந்தால் மறுபடியும் பசையைத் தொட்டு வேலையைத் தொடங்கிவிடுவார். பிறகு ஸ்பூலை அதன் துளைக்குள் நட்டுக்குத்தாக நிறுத்திக் கையை எடுத்தால், அது அவசரமின்றி, நிற்காமல், தன் பாரத்தினாலேயே கீழே இறங்கும். உடன் வேலை பழகும் பையன் அழுத்தித் தேய்த்தபோது, "அமுக்காதடா தம்பி, சும்மா கை மேல இருந்தா போதும், அதுவே தேயும்" என்றார். கருவி வைத்து அளந்து பார்க்கிறவர்கள் பிறகு வருவார்கள். ஆனால் அவர் கண்ணில் தேறிய உருப்படி அளவுகோலில் தவறுவது அபூர்வம் என்று பட்டறைக்காரரே சொன்னார். எத்தனையோ பொறியியல் பட்டதாரிகளுக்கு வாய்க்காத சிரத்தை அது. டிரிகரின் சியர் முகத்துக்குத் தேவையான ஸ்பரிச ஞானமும் இதற்கு வேறானதன்று.

ஆனால் கை மட்டும் போதாது. காரணம் தெரிந்த அறிவும் வேண்டும். கடினப்படுத்திய எஃகுக்கு மின்முலாம் பூசும்போது, அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள்ளே நுழைந்து பதுங்கிக்கொள்கின்றன. பூசி முடித்த சில மணி நேரத்துக்குள் அந்த உருப்படியை ஏறக்குறைய 200 டிகிரி உஷ்ணத்தில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்றாவிட்டால், வெளிப்பார்வைக்கு எவ்விதக் குறையும் இல்லாத எஃகு, பாரம் தாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும். உயர்பலப் போல்ட் செய்கிற பெரிய ஆலைகளுக்கு இது பாலபாடம். ஆனால் கூலிக்கு முலாம் பூசிக் கொடுக்கும் சிறு பட்டறைகளில், அடுப்புக்கு ஆகும் மின்சாரச் செலவையும் மறுநாள் காலை டெலிவரி கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தத்தையும் முன்னிட்டு அந்தச் சூடாக்கும் படி விடுபட்டுப் போகக்கூடும். ஏன் அது அவசியம் என்பதைத் தொட்டியருகே நிற்கிறவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திராவிட்டால், விடுபட்டதைத் தடுக்க ஒருவருமில்லை. சைக்கிள் மணியில் இது பாதகமில்லை. பிரேக்கிலும், துப்பாக்கியின் சியரிலும், ஆஸ்பத்திரிச் சாதனத்திலும் இது உயிர் சம்பந்தமான விஷயம்.

இந்த அறிவை உண்டாக்குவதற்கென்றே நம் ராஜ்யத்தில் ஒரு பெரிய ஸ்தாபனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக முலாம்களிலும் துருத்தடுப்பிலும் உலகறிந்த ஆராய்ச்சிகளைச் செய்து வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உராய்வியல் போதிக்கிறார்கள். ஆயினும் காரைக்குடியின் ஞானமும் ஐ.ஐ.டி.யின் ஞானமும் அம்பத்தூர்ச் சந்துக்குள் வந்து சேரும் வழி மிகவும் குறுகலாயிருக்கிறது. பெரிய ஆலைகள் தங்கள் நிபுணர்களைக் கொண்டு தெரிந்துகொள்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கோ, ரசாயனம் விற்கிற கம்பெனியின் பிரதிநிதி சொல்வதே வேதம். அவர் சொல்வது பல சமயம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் விற்கிறவரே ஆசானாகவும் இருக்கும் ஏற்பாடு எந்தத் தொழிலுக்கும் நல்லதன்று.

இதைவிட என்னை அதிகமாக வருத்துவது, இந்தத் தொழிலில் உழலும் மனிதரின் உடல்நிலை. பஃபிங் சக்கரத்திலிருந்து பறக்கும் தூசி மூக்கிலும் நுரையீரலிலும் போய்ப் படிகிறது. முகத்தில் கட்டியிருக்கும் ஈரத் துண்டு அதற்கு எவ்விதப் பாதுகாப்பும் ஆகாது. குரோம் தொட்டியிலிருந்து எழும் ஆவியிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேச நிபுணர்கள் ஐயமறத் தீர்மானித்திருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே குரோமியத்தால் வரும் புண்ணை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. இந்தப் பொருள் மண்ணை என்ன செய்யும் என்பதை அறிய நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும், அங்கே குவித்துவிட்டுப் போன சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்த கதை நமக்கெல்லாம் தெரியும். முன்பு வடஆற்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் வந்த தொழிலாளருக்குப் பதிலாக இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களே பெரும்பாலும் இந்தச் சக்கரங்களின் முன்னே நிற்கிறார்கள். இங்கே வாங்கிய நோயை அவர்கள் ஊருக்கு எடுத்துச் சென்றுவிடுவதால், அதன் கணக்கு நம் ஏடுகளில் ஏறுவதில்லை. உயர்ந்த மெருகு வேண்டுமென்று கேட்கிறவர் அதை இடுகிறவரின் நுரையீரலைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டவர்.

இதுவரை பொறுமையோடு படித்த வாசகர்களில் சிலர், காந்தியடிகள் பிறந்த தேசத்தில் துப்பாக்கியின் மெருகைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பத்து மீட்டர் தூரத்து அட்டையில் அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தேடும் ஏர் ரைபிள், யாரையும் துன்புறுத்தும் சாதனமன்று. மூச்சையும் மனத்தையும் அடக்கும் அப்பியாசம் அது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றது அந்த அப்பியாசத்தினாலேதான். போலீஸ்காரர் இடுப்பிலும் ராணுவத்தார் தோளிலும் இருக்கும் ஆயுதமோ, மெருகும் அளவும் செம்மையாக இருந்தால்தான் தவறுதலாக வெடிக்காமல் இருக்கும். கெட்ட டிரிகர் அகிம்சைக்கு எவ்வித உதவியும் செய்வதில்லை.

ஆகவே நான் வேண்டுவது பெரிய திட்டமன்று. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை ஒரு முனை. ரைபிள்கள் செய்யும் படைக்கலத் தொழிற்சாலையும் திருச்சியிலேயே இருக்கிறது. அந்த வழித்தடத்தின் பெயரால் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு அம்பத்தூரில் ஒரு பொதுச் சோதனைச்சாலை ஏற்படுத்தலாம். எந்தச் சிறு பட்டறையும் தன் உருப்படியை எடுத்துச் சென்று, முகத்தின் கரட்டளவையும், பூச்சின் கனத்தையும், கடினத்தையும் சொற்பக் கட்டணத்தில் அளந்துகொள்ளும் வசதி அங்கே இருக்க வேண்டும். காரைக்குடி விஞ்ஞானிகள் மாதத்துக்கு ஒரு முறையேனும் அங்கே வந்து, தமிழிலும் இந்தியிலும், தொட்டியருகே நிற்கிறவருக்கு விளங்கும் பாஷையில் பேச வேண்டும். ஐ.டி.ஐ. பாடப்பட்டியலில் எலக்ட்ரோபிளேட்டர் என்ற தொழில் இருக்கிறது. ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் முண்டியடிக்கும் பிள்ளைகள் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. லேப்பிங்கையும் நவீனப் பூச்சுகளையும் அதனோடு சேர்த்து, முடித்தவர்களுக்குத் தக்க சம்பளத்துக்குப் பெரிய ஆலைகள் உறுதி கூறினால், அந்த நிலைமை மாறும்.

வீரர்களின் தேவையும் இதில் அடங்கும். 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டியின் நடுவிலேயே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிஷங்கள் வீணாகி, அவர் 575 புள்ளிகளோடு பன்னிரண்டாம் இடத்தில் நின்று இறுதிச் சுற்றை இழந்தது யாருக்கும் மறந்திராது. மூன்றாண்டுகள் கழித்து அவரே இரண்டு வெண்கலங்களை வென்று வந்தார் என்பது அவருடைய மன உறுதிக்குச் சான்று. ஆனால் ஓர் இளம் வீரரின் நாள் யந்திரக் கோளாறினால் வீணாகாமலிருக்க, துப்பாக்கியை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த ஆர்மரர் பக்கத்தில் வேண்டும். போலீஸ் பட்டாலியன்களில் அத்தகைய ஆர்மரர்கள் இருக்கிறார்கள், ஆவடியிலேயே இருக்கிறார்கள். விளையாட்டுத் துறை அவர்களில் தேர்ந்தவர்களையும் அம்பத்தூரின் மெருகு நிபுணர்களையும் ஒன்று சேர்த்து, முறையான உரிமத்தோடும் கண்காணிப்போடும், போட்டித் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஒரு பணிமனையை இங்கே அமைத்தால், வெளிநாட்டு டிரிகருக்கு ஒரு கோளாறு வந்தால் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் கஷ்டம் நம் பிள்ளைகளுக்கு இராது.

இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே, தொழிற்பேட்டைச் சங்கத்தாரும் பெரிய ஆலைகளின் கொள்முதல் அதிகாரிகளும் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பஃபிங்குக்கும் முலாமுக்கும் வேலை கொடுக்கும் ஒவ்வொரு ஆர்டரிலும், விலைக்கும் அளவுக்கும் பக்கத்தில், தூசியை உறிஞ்சும் விசிறி இருக்கிறதா, தொட்டிக்கு மேலே ஆவி வாங்கும் குழாய் இருக்கிறதா, தொழிலாளருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஈ.எஸ்.ஐ. மருத்துவப் பரிசோதனை நடக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுதி, 'இல்லை' என்று பதில் வந்தால் ஆர்டரை நிறுத்திவைப்பதோடு நின்றுவிடாமல், அவற்றை அமைத்துக்கொள்வதற்குரிய செலவையும் கூலியில் சேர்த்துக் கொடுக்கும்படி அவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.